இரண்டாவது சிபியு: சேர்ப்பதா, கழற்றுவதா?

[திரையில்: மூடி திறந்த, இரண்டு சாக்கெட் (சிபியு பொருத்தும் இடம்) உள்ள சர்வர்]

சர்வர் மெதுவானதும் ஆபீசில் முதலில் எழும் குரல்: "இன்னொரு சிபியு போட்டுடலாமே?" போடலாம். அதற்கு முன், சர்வர் எதற்காகக் காத்திருக்கிறது என்று பாருங்கள். லினக்ஸில் லோட் ஆவரேஜ் (ஓடும், காத்திருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை) 40 என்று காட்டினால், நாற்பது வேலைகளும் சிபியுவுக்காக நிற்கின்றன என்று அர்த்தமில்லை. டிஸ்க்குக்காகக் காத்துக் கிடப்பவையும் அந்தக் கணக்கில் சேரும். அவைதான் அதிகம் என்றால் சிபியு வாங்குவது தண்டச் செலவு.

சரி, சிபியுதான் திணறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். 1967-இல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் முன்வைத்த வாதம் இங்கே உதவும். வேலையில் 5 சதவீதத்தை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்ய முடியும் என்றால், 16 கோரில் (கோர் என்றால் சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) வேகம் ஒரே கோரைப் போல சுமார் 9 மடங்கு. 32 கோரில் 18 வராது, பன்னிரண்டரைதான். எத்தனை கோர் போட்டாலும் 20-ஐத் தொடாது.

[திரையில்: இரண்டு சிபியு, இருபக்கமும் ராம் ஸ்லாட்டுகள்]

சேர்த்தால் அதே மாடல் சிபியு. அதன் பக்கத்து ஸ்லாட்டுகளில் ராமும் வேண்டும். இல்லாவிட்டால் புதியவர் ஒவ்வொரு தரவுக்கும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதுதான்.

குறைப்பதில்தான் சிக்கல் அதிகம். குறைக்க நினைப்பதற்குப் பெரும்பாலும் லைசென்ஸ் செலவுதான் காரணம். ஆனால் 2016 பதிப்பிலிருந்து விண்டோஸ் சர்வருக்குக் கோர் கணக்கில் லைசென்ஸ் வாங்கும்போது, ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர் வாங்கியாக வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் அதில் பைசா மிச்சமில்லை.

ஸ்க்ரூடிரைவரை எடுக்குமுன் ஒரு ஒத்திகை பாருங்கள். லினக்ஸில் ஒவ்வொரு லாஜிக்கல் சிபியுவுக்கும் (லினக்ஸ் தனி சிபியுவாக எண்ணும் ஒவ்வொன்றுக்கும்) 'ஆன்லைன்' என்றொரு கோப்பு உண்டு (பூஜ்யமாவது சிபியுவுக்குப் பெரும்பாலும் இருக்காது). அதில் 0 எழுதினால் அந்த சிபியு ஒதுங்கிவிடும்; 1 எழுதினால் திரும்பி வரும். இரண்டாவது சாக்கெட்டைச் சேர்ந்த அத்தனையையும் இப்படி ஒதுக்கிவிட்டு, மாதக் கடைசி கணக்கு முடிப்பு வரை ஓட்டுங்கள். சாதாரண செவ்வாய்க்கிழமையை வைத்து முடிவெடுக்காதீர்கள்!

ஆனால் இந்த ஒத்திகையில் தெரியாத ஒன்று உண்டு. மெமரி கண்ட்ரோலர் சிபியுவுக்குள்ளேயே இருப்பதால், அதைக் கழற்றினால் அந்தப் பக்கத்து ராம் மொத்தமும் போய்விடும். கார்டுகளைச் செருகும் சில பிசிஐஇ ஸ்லாட்டுகளும் கூடவே செத்துவிடும். உங்கள் நெட்வொர்க் கார்டு அதில் எதிலாவது உட்கார்ந்திருக்கிறதா? மதர்போர்டு கையேட்டில் ஸ்லாட் படத்தைப் பாருங்கள். இருந்தால் கார்டை முதலில் மாற்றுங்கள், அப்புறம் சிபியுவைத் தொடலாம். காலியான சாக்கெட்டுக்கு மூடியும், சிபியுவின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் இருந்த இடத்துக்குக் காற்றுத் தடுப்பும் தயாராக இருக்கட்டும்.