கரையை வெட்டிக் கடலை உள்ளே விடலாமா?

நேயர்களுக்கு வணக்கம். கடல் ஏறி வருகிற இடத்தில் சுவரை இன்னும் உயர்த்திக்கொண்டே போகாமல், சற்று உள்ளே தள்ளிப் புதுக்கரை போட்டுவிட்டு, பழைய கரையை நாமே வெட்டிக் கடலுக்கு வழி விடுவது என்று ஒரு வேலை இருக்கிறது. உவரியிலோ இடிந்தகரையிலோ போய் இதைச் சொன்னால், "என்னவே சொல்லுதீரு, கடல் அரிக்காம இருக்க நாங்க கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு கட்டக் கேட்டு நடையா நடக்கோம், நீரு கடலைக் கூப்பிடுதீரோ?" என்றுதான் கேட்பார்கள். கேட்பதும் நியாயம்தான். வாசல்படியில் அலை அடிக்கிற ஊருக்கு இந்த யோசனை ஆகாது. நான் பேச வந்தது தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல், பழையகாயல் பக்கத்துச் சேற்று நிலத்தைப் பற்றி. 1986க்கு முன்னால் அதுவும் நம் திருநெல்வேலி ஜில்லாதானே.

இங்கிலாந்தின் தென்கரையில் மெட்மெரி என்று ஓர் இடம். அங்கே கூழாங்கல் மேடுதான் கரை. குளிர்காலம் தோறும் கடல் அதைக் கலைக்கும், இவர்கள் இயந்திரம் வைத்து வாரிக் கட்டுவார்கள், மறுபடி கலையும். கடைசியில் நிலத்துக்குள் தள்ளி சுமார் 7 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதுக்கரை எழுப்பி, 2013 செப்டம்பரில் பழைய மேட்டை வெட்டிவிட்டார்கள். ஏறத்தாழ 450 ஏக்கர், ஓதம், அதாவது கடல்நீர் தினமும் ஏறி வடிகிற நிலமானது. அடுத்த வருஷமே அங்கே நெடுங்கால் உள்ளான் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது. நம்மூர்க் குளத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத பறவை, அங்கே அது பெரிய செய்தி!

ஏன் இப்படிச் செய்ய வேண்டும்? கடல் மட்டம் உயரும்போது சேற்று நிலமும் செடிகளும் மெல்ல உள்நோக்கி நகரும். பின்னால் சுவர் நின்றால் நகர இடமில்லாமல் அப்படியே மூழ்கிப்போகும். பழையகாயல் பக்கம் நீர் வடிந்த நேரத்தில் குனிந்து பார்த்தால் தெரியும், உமரிச் செடி ஓரத்தில் சிவந்திருக்கும், அலையாத்தி மரத்தின் மூச்சுவேர்கள் சேற்றைத் துளைத்துக்கொண்டு நிற்கும், ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த குட்டி நண்டு வளை வாசலில் நின்று அதை ஆட்டி ஆட்டிக் காட்டும். உள்ளான்கள் வருவது இந்தச் சேற்றுக்குள் இருக்கும் புழு பூச்சிக்காகத்தான்.

ஆனால் மெட்மெரியை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அங்கே ஓதம் பல மீட்டர் ஏறி இறங்கும். மன்னார் வளைகுடாவில் ஒரு மீட்டர்கூடத் தேறாது. அரையடி மேடு பள்ளம்கூட இங்கே கணக்கு, நீர் போய்த் திரும்பாத குழியில் உப்பு ஏறி எதுவும் முளைக்காது. பிச்சாவரத்தில் இதே சிக்கல்தான். கன்று நட்டதோடு நிற்காமல், மீன் முள் மாதிரி கிளை கிளையாக வாய்க்கால் வெட்டி ஓதநீரை உள்ளே விட்ட பிறகுதான் அலையாத்தி தழைத்தது. கன்று நட்டு போட்டோ எடுப்பது எளிது, அப்புறம் வாய்க்காலைத் தூர்வார ஆள் வேண்டுமே!

வண்டலும் வேண்டும். கொற்கையை ஒரு காலத்தில் துறைமுகமாக வைத்திருந்ததும் இந்த ஆறு, பிறகு வண்டல் கொட்டிக் கடலைக் கிலோமீட்டர் கணக்கில் தள்ளிவிட்டதும் இதே ஆறு. இன்று வண்டலில் ஒரு பங்கு மேலே அணைகளிலேயே தங்கிவிடுகிறது.

என் யோசனை சின்னதுதான். உப்பு விளைவிக்காமல் சும்மா கிடக்கிற பழைய பாத்திகளில் தொடங்கலாம். ஆனால் குத்தகைதாரர், உப்பளத் தொழிலாளி, முகத்துவாரத்தில் வலை போடுகிறவர் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசாமல் மண்வெட்டியைத் தொடக் கூடாது. ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிற பக்கம் உப்புத்தண்ணீர் போகாது என்று நிலத்தடி நீரைச் சோதித்துக் காட்ட வேண்டும், உள்கரையும் போட வேண்டும். அது நின்று ஒரு மழைக்காலம் தாங்கட்டும். வெளிக்கரையை அதற்கு அப்புறம் வெட்டலாம்.