மஞ்சள் பஸ்ஸில் பதினெட்டுப் பேர்

நேயர்களுக்கு வணக்கம்.

மகளைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தபோது அட்லான்டாவில் ஒரு சிறிய அரங்கில் பார்த்த நாடகத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் நின்றவர்கள் ஒலிப்பதிவுக் கருவிக்கு முன் சொன்ன நினைவுகளையே வசனமாக்கியிருந்தார்கள். வயதானவர்களின் பேச்சைப் பதிவு செய்வதில் என் வாழ்நாளில் பாதி போயிருக்கிறது. அதனால் அன்று காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

திரை விலகியதும் மேடையில் பதினெட்டு மர நாற்காலிகள். நடிகர்கள் ஆறே பேர். மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி ஒரு பெண் உட்கார்ந்தார். எல்லோரும் ஒரே பக்கமாகச் சற்றுக் குலுங்கினார்கள். பஸ் கிளம்பிவிட்டது.

1962 ஆகஸ்ட் 31. மிசிசிப்பி மாநிலத்து ரூல்வில்லிலிருந்து இண்டியனோலாவுக்கு வாக்காளராகப் பதிவு செய்யப் பதினெட்டுப் பேர் போனார்கள். அவர்களில் ஒருவர் ஃபேனி லூ ஹேமர், நாற்பத்து நான்கு வயது, பருத்திப் பண்ணையில் விளைச்சலில் ஒரு பங்குக்காகப் பயிர் செய்தவர். பதிவு செய்ய ஒரு தேர்வில் தேற வேண்டும். பதிவு அலுவலகத்தில் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொன்னார்கள். அதைப் பற்றிப் பின்னாளில் ஹேமர் சொன்னது: குதிரைக்குக் கிறிஸ்துமஸ் நாளைப் பற்றி எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுதான் தனக்கு அந்தச் சட்டத்தைப் பற்றித் தெரியும். அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன், அடுத்த நொடி தொண்டை அடைத்துக்கொண்டது.

திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை மறித்தது. குற்றம் என்ன தெரியுமா? பஸ்ஸின் நிறம் தவறாம். மஞ்சள் கூடிவிட்டதாம்! பருத்தி வயலுக்கு ஆட்களை ஏற்றிப்போன காலமெல்லாம் அந்த மஞ்சள் யார் கண்ணிலும் படவில்லை. வாக்குரிமை கேட்டுப் போன அன்றுதான் பட்டது. உள்ளே இருந்தவர்கள் பயந்து போயிருந்தார்கள். அப்போது ஹேமர் பாட ஆரம்பித்தார். தேவாலயத்தில் பாடும் பாட்டுகள்தான். மேடையில் அந்த நடிகை முதல் வரியை மிக மெதுவாக, குரல் நடுங்க எடுத்தார். ஒவ்வொரு நாற்காலியாகக் குரல் சேர்ந்தது, ஆள் இல்லாத நாற்காலிகளிலிருந்தும் வருவதைப் போல.

அன்றிரவே பண்ணை முதலாளி ஹேமரிடம், விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு, இல்லாவிட்டால் வெளியேறு என்றார். பதினெட்டு ஆண்டுகள் உழைத்த இடம். "உங்களுக்காக நான் பதிவு செய்யப் போகவில்லை, எனக்காகப் போனேன்" என்றார் ஹேமர். அன்றே வெளியேறினார்.

இந்த இடத்தில் நடிகை நெடுநேரம் பேசாமல் நின்றார். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: பேசியவர் எங்கே நிறுத்தினாரோ அந்த மௌனத்தையும் பதிவு செய்ய வேண்டும். தொடக்கத்தில் நானே ஒரு பாட்டியின் பேச்சை எழுதும்போது தயக்கங்களை நீக்கி, வாக்கியங்களை நேராக்கிவிட்டேன். படித்துக் காட்டியபோது, "இது நான் பேசினதில்லை, சாமி" என்றார். அன்றிலிருந்து யாருடைய வாக்கியத்தையும் நான் திருத்துவதில்லை. அந்த நாடகமும் திருத்தவில்லை. இருமலைக்கூட விட்டுவைத்திருந்தார்கள்.

அந்தப் பதிவுத் தேர்வில் ஹேமர் மூன்றாம் முறைதான் தேர்ச்சி பெற்றார், 1963 ஜனவரியில். பிறகு வாக்களிக்கப் போனபோது வாக்குவரி, அதாவது வாக்களிப்பதற்கென்றே வாங்கிய வரி, கட்டிய ரசீது வேண்டும் என்றார்கள். இதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள், நேரமாகிறது.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். மிசிசிப்பியின் டுகலூ கல்லூரியில் 1963-இல் உருவான 'ஃப்ரீ சதர்ன் தியேட்டர்' என்ற குழு, டிக்கெட் இல்லாமல் ஊர் ஊராக நாடகம் போட்டது. வராத ஒருவனுக்காக இருவர் காத்திருக்கும், ஐரிஷ் நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட்டின் நாடகத்தை ரூல்வில்லில் அவர்கள் நடித்தபோது பார்வையாளர்களிடையே ஹேமரும் இருந்தார். இடைவேளையில் எழுந்து, உட்கார்ந்து காத்திருந்தால் யாரும் எதையும் கொண்டுவந்து தரமாட்டார்கள் என்று தம் ஊராரிடம் பேசினார். அந்தக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் ஓ'நீல், மக்களை வட்டமாக உட்காரவைத்து, குறுக்கிடாமல் ஒருவர் கதையை மற்றவர் கேட்கும் முறையைப் பின்னாளில் வளர்த்தார். அது எப்படி நடக்கும் என்பதற்கு இன்று நேரமில்லை. வணக்கம்.