ரெண்டு விசில்

வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, கூட்டத்துக்காகக் கூடத்தைத் திறந்து வைத்துக் காத்திருக்கும் நூலகர் ஐயா அவர்களே, வயல் வேலையை முடித்துவிட்டு நேராக வந்திருக்கும் பெரியவர்களே, அப்பா படுத்திருந்த நாட்களில் வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்து கொடுத்த தெற்குத் தெரு அக்காமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நோய், பயிற்சி என்று இரண்டைப் பற்றிப் பேசுவதாகத் தலைவரிடம் சொல்லியிருந்தேன்.

அப்பாவுக்கு வந்தது கில்லன் பாரே. 1916ல் பிரெஞ்சு மருத்துவர்கள் இரண்டு சிப்பாய்களிடம் கண்டு எழுதிவைத்த நோய். வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்துபோன பிறகு, கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி நம் நரம்பையே அடித்துவிடுகிறது. திங்கட்கிழமை பாதம் மரத்துப்போகிறது என்றார், வியாழக்கிழமை நிற்க முடியவில்லை, மறுநாள் வென்டிலேட்டர். இம்யூனோகுளோபுலின் என்கிற எதிர்ப்புப் புரத மருந்தை ஐந்து நாள் ஏற்றினார்கள், தளர்ச்சி அதற்கு மேல் ஏறவில்லை, ஆனால் கால் அசையவில்லை. நரம்பு இழையே அடிபட்டிருக்கிறது, அது ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும் என்றார் டாக்டர். அன்று ராத்திரி அம்மா தையல் டேப்பை எடுத்து, அப்பாவின் இடுப்பிலிருந்து கட்டைவிரல் வரை அளந்து பார்த்தார்.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், உங்களில் பாதிப் பேருக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தவர். தொண்டைக் குழாயை எடுத்து, அந்தத் துளையும் மூடிய பிறகு, மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து வைத்த பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்தார்கள். உறிஞ்சினால் பந்து மேலே வர வேண்டும். ஒன்றுகூட வரவில்லை, அப்பா அதைத் தள்ளிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போது என் மகன் பீரோவிலிருந்து தாத்தாவின் பழைய விசிலை எடுத்துவந்து வாயில் வைத்தான். முகத்து நரம்பும் தளர்ந்திருந்ததால் உதடு மூடவில்லை, காற்று ஓரமாகப் போனது. அவன் விடவில்லை, பள்ளிக்கூடம் போகும் முன் ஒருதரம், வந்ததும் ஒருதரம், விரலால் தாத்தாவின் உதட்டைக் கூட்டிப் பிடித்துக்கொள்வான். எத்தனை வாரம் என்று எண்ணவில்லை. ஒருநாள் விடியற்காலை அடுப்படியில் இருந்த அம்மா விசில் சத்தம் கேட்டு ஓடிவந்தார். ஒன்றில்லை, ரெண்டு. கண்டக்டர் ரெண்டு விசில் கொடுத்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டி போகலாம்!

அடிமேல் அடி என்றேன், ஆனால் அடிக்கும் அடிக்கும் நடுவில் ஓய்வு வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த நோயில் களைத்துப்போகும் அளவுக்குப் பயிற்சி செய்தால் தசை இன்னும் தளரும். எப்போது நிறுத்துவது, பாதம் தொங்காமல் எப்படிக் கட்டுவது, எப்படிப் புரட்டிப் படுக்கவைத்தால் படுக்கைப்புண் வராது, இதெல்லாம் பிள்ளைகளுக்குத் தானாகத் தெரியாது, பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும்.

2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது, அதற்கு மனதார நன்றி. அதற்கு அடுத்த படியைத்தான் கேட்கிறேன். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு நிரந்தர பிசியோதெரபிஸ்ட், பிடித்து நடக்க இரண்டு கம்பி, ஒரு பாய். தலைவர் அம்மா இதை அடுத்த கிராம சபையில் தீர்மானமாக வைக்க வேண்டும். பக்கவாதம் வந்தவர்கள் இந்த ஊரில் எத்தனை வீட்டில் படுத்திருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும், அம்மி நகர வேண்டுமென்றால் தள்ளிவிட ஆள் வேண்டும்.

மனு வாசல் மேசையில் இருக்கிறது. அப்பா கடைசி வரிசையில் வாக்கரோடு உட்கார்ந்திருக்கிறார். முதல் கையெழுத்து அவருடையது, கோணலாக இருக்கும், அதற்குக் கீழே உங்கள் பெயரைப் போட்டுவிட்டுப் போங்கள்.