நீலச் சிலிண்டரும் ரத்தப் புற்றுநோயும்

(சென்னை கோட்டூர்புரத்தில், பொதுமக்களுக்கான கூட்டம் ஒன்றில் மயக்க மருந்து மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

ரத்தப் புற்றுநோய் பற்றிப் பேச மயக்க மருந்து டாக்டரை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று முன்வரிசையில் ஓர் ஐயா பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டது என் காதிலும் விழுந்தது. நியாயமான கேள்விதான். நோய் இருப்பது எலும்பு மஜ்ஜையிலும் ரத்தத்திலும். கத்தி வைத்து வெட்டி எடுக்க அங்கே கட்டி எதுவும் கிடையாது. ஆனால் இந்த நோய் வந்த ஒரு குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். மஜ்ஜையை எடுத்துப் பார்க்க, முதுகுத்தண்டில் மருந்து செலுத்த, மருந்து ஏற்ற நெஞ்சில் தோலுக்கடியில் போர்ட் என்ற சிறு கருவி வைக்க என்று இரண்டு மூன்று வருடச் சிகிச்சையில் அந்தக் குழந்தை எங்களிடம் திரும்பத் திரும்ப வரும். சொந்த மாமாவைவிட எங்களை அதிகம் பார்த்த பிள்ளைகள் உண்டு.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எங்கள் மருந்துகளின் பக்கவிளைவு என்று நாங்கள் பயப்படுகிற ஒன்றும், புற்றணுவைச் சாகடிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் தேடிப் பிடித்த ஒன்றும் சில இடங்களில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

கதை டென்மார்க்கில் தொடங்குகிறது. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ கொள்ளைநோயாகப் பரவியது. மூச்சுவிட முடியாத நோயாளிகள் பிளெக்டம் மருத்துவமனையில் வந்து குவிந்தார்கள். அங்கே தலைமை மருத்துவராக இருந்த லாசென், பியோர்ன் இப்சென் என்ற மயக்க மருந்து டாக்டரை உதவிக்கு அழைத்தார். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கியே மூச்சு கொடுக்கலாம் என்று இப்சென் காட்டினார். மருத்துவ மாணவர்கள் ஷிஃப்ட் போட்டு இரவு பகலாகப் பையை அமுக்கினார்கள். இன்று ஐசியு என்று நாம் சொல்லும் ஏற்பாட்டுக்கு வித்து அங்கேதான் விழுந்தது. எங்கள் துறைக்கு இதில் கொஞ்சம் கர்வம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அதே முறையை டெட்டனஸ் நோயாளிகளிடமும் கையாண்டார்கள். தசையைத் தளர்த்த ஒரு மருந்து, செயற்கை மூச்சு, கூடவே நோயாளிக்கு வேதனை தெரியாமலிருக்க நைட்ரஸ் ஆக்சைடு. சிரிப்பூட்டும் வாயு என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்களே, அதேதான். நம் ஊர் ஆபரேஷன் தியேட்டரில் நீலச் சிலிண்டரில் வருவது. ஆபரேஷன் என்றால் ஒரு மணி, இரண்டு மணி நேரம்தான் கொடுப்போம். அங்கே நாள்கணக்கில் கொடுத்தார்கள். சில நாள்களில் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் சரிந்தன, மஜ்ஜையே வேலையை நிறுத்தியது. சிலர் இறந்தும் போனார்கள். 1956இல் லாசென் இதை எழுதி வெளியிட்டார். அதுவரை ஒரு தீங்கும் செய்யாத வாயு என்று பெயர் வாங்கியிருந்தது அது.

இதோடு விட்டிருந்தால் ஒரு பக்கவிளைவின் கதையாக முடிந்திருக்கும். வெள்ளையணுக்களைக் குறைக்கிற வாயு என்றால், வெள்ளையணுக்கள் எக்கச்சக்கமாகப் பெருகும் நோயில் கொடுத்துப் பார்த்தால் என்ன என்று லாசெனுக்குத் தோன்றியது. நாள்பட்ட மயலாய்டு வகை ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு அந்த வாயுவைக் கொடுத்து, 1959இல் முடிவைச் சொன்னார். எண்ணிக்கை இறங்கத்தான் செய்தது. ஆனால் வாயுவை நிறுத்தினால் மறுபடி ஏறியது. காலமெல்லாம் ஒருவரை முகமூடியோடு படுக்க வைக்க முடியுமா? அந்த வழி அப்படியே நின்றுபோனது. அந்த நோய்க்கு இன்று இமாட்டினிப் மாத்திரை இருக்கிறது. அதன் புதிய வடிவத்துக்குக் காப்புரிமை தர முடியாது என்று 2006இல் முதலில் மறுத்தது நம் சென்னைக் காப்புரிமை அலுவலகம்தான். 2013இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அது தனிக்கூட்டம் போட்டுப் பேச வேண்டிய விஷயம்.

சரி, ஒரு மயக்க வாயு மஜ்ஜையை ஏன் நிறுத்த வேண்டும்? இதற்கு விடை தெரிய சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே போக வேண்டும். அங்கே இருக்கும் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். காந்தியின் அழைப்பைக் கேட்டு, அறுவை வகுப்பில் கதர் அணிந்து நின்றவர். ஆங்கிலேயப் பேராசிரியருக்குக் கோபம் வந்தது. எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்கு ஒரு படி கீழான எல்.எம்.எஸ். தான் கொடுத்தார்கள். அவர் அமெரிக்கா போய், முதலில் ஹார்வர்டிலும் பிறகு லெடர்லே மருந்துக் கம்பெனியிலும் வேலை பார்த்தார். ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினை ஆய்வகத்தில் தயாரித்தது அவருடைய குழு. அதே ஃபோலிக் அமிலத்தைக் கொஞ்சம் மாற்றி, அதன் வேலையைக் கெடுக்கிற அமினோப்டெரினையும் அவர்கள்தான் செய்துகொடுத்தார்கள்.

பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் வகை மருந்து கொடுத்தால் நோய் இன்னும் முறுக்கிக்கொள்வதைக் கவனித்திருந்தார். அப்படியானால் ஃபோலிக்கைத் தடுத்தால்? அமினோப்டெரினை வாங்கிக் கொடுத்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. கொஞ்ச காலத்துக்குத்தான், திரும்ப வந்துவிட்டது. ஆனால் அதுவரை அந்த நோய் வந்த குழந்தைக்குக் கொடுக்க உருப்படியாக ஒன்றுமே இருந்ததில்லை. 1948 ஜூனில் அந்தக் கட்டுரை வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். அமினோப்டெரினுக்கு அடுத்து வந்த மெத்தோட்ரெக்ஸேட்டை இன்றும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும் தினமும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கல்லூரி வாசலைக் கடந்து ரயில் பிடிக்க ஓடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்கு எப்போதும் ஓர் ஆதங்கம்.

இப்போது விடைக்கு வருவோம். ஒரு செல் இரண்டாகப் பிரிய டிஎன்ஏவை நகலெடுக்க வேண்டும். அதற்கு ஃபோலேட் வேண்டும், முன்பு சொன்ன ஃபோலிக் அமிலத்தின் குடும்பம்தான் அது. வேலை செய்து களைத்த ஃபோலேட்டை மறுபடி தயார் செய்கிற நொதியை மெத்தோட்ரெக்ஸேட் அடைக்கிறது. ரத்தத்தில் வரும் ஃபோலேட்டை செல்லுக்குப் பயன்படும் வடிவத்துக்கு மாற்ற இன்னொரு நொதி உண்டு. அதற்கு வைட்டமின் பி12 தேவை. பி12இன் நடுவே ஒரு கோபால்ட் அணு இருக்கிறது. நைட்ரஸ் ஆக்சைடு அந்தக் கோபால்ட்டைக் கெடுத்து, நொதியைச் செயலிழக்கச் செய்கிறது. புதிய நொதி உருவாகி நிலைமை சீராகச் சில நாள்கள் பிடிக்கும். 1978இல் லண்டனில், இதய ஆபரேஷனுக்குப் பிறகு 24 மணி நேரம் இந்த வாயு கொடுக்கப்பட்டவர்களின் மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். பி12 குறைந்தவர்களின் மஜ்ஜை எப்படியிருக்குமோ அப்படியே இருந்தது.

சென்னையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்கு ஏறும் குழாயில் ஒரு வால்வு, தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு வால்வு. ஒன்றை அரைகுறையாக மூடினால் தண்ணீர் மெல்ல வரும், சமாளிக்கலாம். இரண்டையும் சேர்த்து மூடினால் வீடே வறண்டுவிடும். மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கிற குழந்தைக்கு நைட்ரஸ் ஆக்சைடும் கொடுத்தால் நடப்பது இதுதான். மருந்தின் நச்சு எதிர்பாராத அளவுக்கு ஏறும். மஜ்ஜை படுத்துவிடும், நரம்பு மண்டலமும் பாதிக்கப்படலாம். வாய் முழுக்கப் புண். நாக்கின் ஓரம், உதட்டின் உட்புறம், தொண்டை வரை தோல் உரிந்து சிவந்திருக்கும். ரசம் சோறு வேண்டாம், தண்ணீரை விழுங்கவே அந்தக் குழந்தை கண்ணை இறுக மூடிக்கொள்ளும். அதனால் இந்தப் பிள்ளைகளுக்கு நீலச் சிலிண்டரைத் தொடக் கூடாது என்பது என் கட்சி. அதைவிட்டால் வேறு மருந்தா இல்லை?

இன்னொரு விஷயம், இதைவிட விபரீதமானது. செல்லுக்குள் தற்கொலை ஏற்பாடு ஒன்று இருக்கிறது. பழுதான செல் தானாகவே மடிய வேண்டும். அப்போப்டோசிஸ் என்று 1972இல் அதற்குப் பெயர் வைத்தார்கள். பிசிஎல்-2 என்ற புரதம் அதைத் தடுத்து நிறுத்தி செல்லைப் பிழைக்க வைக்கிறது என்று 1988இல் ஆஸ்திரேலியாவில் டேவிட் வாக்ஸ் காட்டினார். ரத்தப் புற்றணுக்கள் பல இப்படித்தான் சாவை ஏமாற்றித் தப்பிக்கின்றன. அந்தப் புரதத்தைப் பிடித்து முடக்குகிற வெனிட்டோகிளாக்ஸ் 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதைக் கொடுக்கும்போது முழு அளவையும் முதல் நாளே கொடுப்பதில்லை. படிப்படியாக ஏற்றுவார்கள். ஏன் தெரியுமா? கோடிக்கணக்கான செல்கள் ஒரே நேரத்தில் உடைந்தால் உள்ளே இருந்த பொட்டாசியமும் பாஸ்பேட்டும் ரத்தத்தில் கொட்டும், யூரிக் அமிலம் ஏறும், சிறுநீரகம் அடைபடும், இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

இதில் எங்களுக்கு என்ன பங்கு? ஆபரேஷனுக்குப் பிறகு வாந்தி வராமலிருக்க நாங்கள் சர்வசாதாரணமாகப் போடுகிற ஊசி டெக்ஸாமெத்தாசோன். அது ஸ்டீராய்டு. லிம்ஃபாய்டு வகைப் புற்றணுக்களை அதே தற்கொலைப் பாதையில் தள்ளிவிடக்கூடியது, அந்தச் சிகிச்சையில் அது முதல் வரிசை மருந்து. கழுத்தில் நெறிகட்டி என்று டெஸ்டுக்கு வந்த ஒரு குழந்தைக்கு, ரத்தப் புற்றுநோய் என்றே இன்னும் தெரியாத நிலையில், வாந்திக்காக அந்த ஒரே ஊசியைப் போட்டு, சில மணி நேரத்தில் பொட்டாசியம் ஏறி ஆபத்தான சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. இல்லாவிட்டால் செல்கள் பாதி செத்து, டெஸ்டில் நோயே சரியாகப் பிடிபடாமல் போகும். எனவே காரணம் தெரியாமல் வெளுத்து, காய்ச்சலும் நெறியுமாக இருக்கும் குழந்தைக்கு வாந்தி வந்தால் வரட்டும், வேறு ஊசி போட்டுக்கொள்ளலாம். அந்த மாதிரிக் குழந்தைகளில் சிலருக்கு நெஞ்சுக்குள் பெரிய கட்டியும் இருக்கும். மல்லாக்கப் படுக்க வைத்து மயக்கம் கொடுத்தால் அது மூச்சுக்குழாயை நெரித்துவிடும். “ராத்திரி உட்கார்ந்துகொண்டேதான் தூங்குகிறான் டாக்டர்” என்று அம்மா சொல்லும் ஒரு வாக்கியம் எங்களுக்கு ஸ்கேனுக்குச் சமம்.

மயக்க மருந்து குழந்தைக்கு நல்லது செய்யும் இடத்தையும் சொல்ல வேண்டுமே. மூளையைச் சுற்றியுள்ள திரவத்துக்குள் பெரும்பாலான கீமோ மருந்துகள் நுழைவதில்லை. புற்றணு அங்கே ஒளிந்து பிழைத்துக்கொள்ளும். அதனால்தான் முதுகுத்தண்டு வழியாக மெத்தோட்ரெக்ஸேட் செலுத்துகிறார்கள். பால் நிறத்தில் இருக்கும் புரோபோஃபால் என்ற மயக்க மருந்து கையின் ரத்தக்குழாயில் ஏறும்போது கொஞ்சம் எரியும். குழந்தை முகத்தைச் சுளிக்கும், ஒன்று இரண்டு எண்ணும்போதே கை தளரும். தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். ஒருக்களித்து, முழங்கால் வயிற்றைத் தொட, முதுகு வளைந்திருக்கும். ஊசியின் பின்முனையில் தண்ணீர் மாதிரித் தெளிவாக ஒரு சொட்டு வந்து நிற்கும். அந்தச் சொட்டு சிவப்பாக வந்தால் எல்லோர் முகமும் மாறும். ஆரம்ப நாள்களில் ரத்தத்தில் புற்றணுக்கள் நிறைய இருக்கும்போது ஊசி தவறான இடத்தில் குத்தி ரத்தம் கலந்தால், நாமே புற்றணுக்களை அந்த ஒளிவிடத்துக்குக் கொண்டுபோய்விட்டதாக ஆகும். அப்படி ஆன குழந்தைகளுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. குழந்தை அசையாமல் இருப்பது சொகுசுக்காக இல்லை.

நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வந்த வின்கிரிஸ்டினும் இதே குழந்தைக்குக் கொடுக்கும் மருந்துதான். அது ரத்தக்குழாயில்தான் போக வேண்டும். முதுகுத்தண்டுக்குள் போனால் பெரும்பாலும் உயிர் போய்விடும். முதுகில் ஊசி போடும் அறைக்குள் அந்த மருந்தை விடவே கூடாது என்று நான் சண்டை போட்டாவது பார்த்துக்கொள்வேன்.

வாட்ஸ்அப்புக்கு வருவோம். ‘மயக்க மருந்து புற்றுநோயைப் பரப்பும்’ என்று ஒன்று, ‘மயக்க மருந்தே புற்றணுவைக் கொல்லும்’ என்று இன்னொன்று சுற்றுகிறது. இரண்டுக்கும் அடியில் ஆய்வகத் தட்டில் செய்த சோதனைகள் இருக்கின்றன. ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு சிறுவனின் ரத்தத்திலிருந்து வளர்த்தெடுத்த ஜர்காட் என்ற செல்களில் செவோஃப்ளுரேன் என்ற மயக்க வாயுவைக் கொடுத்தால் அவை சாகின்றன, உண்மைதான். தட்டில் நிறைய விஷயங்கள் நடக்கும். அதை வைத்துக்கொண்டு யாரும் மருந்துச் சீட்டு எழுத முடியாது. மனிதர்களில் பெரிய அளவில் சோதித்தது மார்பகப் புற்றுநோயில். ஆபரேஷனுக்கு வந்த 2,000க்கும் மேற்பட்ட பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வாயுவும் மார்ஃபின் வகை மருந்துகளும், மற்றதற்கு நரம்பை மரக்கச் செய்யும் முறையும் புரோபோஃபாலும் கொடுத்தார்கள். நோய் திரும்புவதில் வித்தியாசம் இல்லை என்று 2019இல் முடிவு வந்தது.

பெற்றோர் தனியாக வந்து கேட்பது வேறு கேள்வி. இத்தனை தடவை மயக்கம் கொடுத்தால் பிள்ளையின் மூளை என்னாகும்? இதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. கைக்குழந்தைக்கு ஒரே ஒரு முறை, ஒரு மணி நேரத்துக்குள் என்றால் ஐந்து வயதில் அறிவுத்திறனில் குறைவில்லை என்று 2019இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அதே ஆண்டு, ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்ட 212 பேரைப் பார்த்த இன்னோர் ஆய்வு அமெரிக்காவிலிருந்து வந்தது. மொத்தமாக அதிக அளவு மயக்க மருந்து வாங்கியவர்களிடம் கவனம், வேகம் போன்றவற்றில் குறை கூடுதலாக இருந்தது. அவர்கள் மெத்தோட்ரெக்ஸேட்டும் வாங்கியவர்கள், கடுமையான நோயிலும் கிடந்தவர்கள். எது எவ்வளவு காரணம் என்று இன்னும் பிரித்தெடுக்க முடியவில்லை. அதற்காக மயக்கமே வேண்டாம் என்று ஆளாளுக்குக் கையைக் காலைப் பிடித்து அமுக்குகிற பழைய காலத்துக்குத் திரும்பவும் முடியாது. மஜ்ஜை டெஸ்டையும் முதுகு ஊசியையும் ஒரே மயக்கத்தில் முடிப்பது, தேவையான குறைந்த அளவில் நிறுத்துவது, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தயார் என்றால் மரப்பு களிம்பு தடவி விழித்த நிலையிலேயே செய்வது, இவற்றை நாங்கள் செய்யலாம். அடுத்த முறை உங்கள் முறை வரும்போது கடைசி மெத்தோட்ரெக்ஸேட் என்றைக்கு, இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தார்களா, குழந்தை காலையில் என்ன சாப்பிட்டது என்று நான் குடைந்து குடைந்து கேட்பேன். “அழுதான் டாக்டர், ரெண்டே ரெண்டு பிஸ்கட்தான்” என்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு ஊசியை ஆறு மணி நேரம் தள்ளிப் போடுவோம், திட்ட மாட்டேன்.