மோட்டார்சைக்கிள் போயிற்றா மனே?

(மட்டக்களப்பு, கல்லடியில் தவக்காலப் பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வணக்கத்துக்குரிய பங்குத்தந்தை அவர்களே, மெதடிஸ்த சபையின் போதகர் ஐயா அவர்களே, அழைப்பை ஏற்று வந்திருக்கும் பிள்ளையார் கோயில் வண்ணக்கர் அவர்களே, பள்ளிவாசல் தலைவர் அவர்களே, கிராம உத்தியோகத்தர் அவர்களே, மாதர் சங்கத் தலைவி அக்கா அவர்களே, பின்வரிசையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கும் மாமிமாரே, எல்லோருக்கும் வணக்கம். பிரதேச செயலாளர் அம்மா வந்துகொண்டிருக்கிறாராம். வந்ததும் பேச்சை நிறுத்தி வரவேற்போம். பொன்னாடை என்னிடம்தான் இருக்கிறது.

"துன்பத்தின் வழியே ஆன்மீக வளர்ச்சி" என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். மூன்று விடயம் சொல்லப் போகிறேன். துன்பம் ஏன் வருகிறது, துன்பத்தில் எப்படி ஜெபிப்பது, துன்பம் நம்மை எப்படி வளர்க்கிறது.

"பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்." நான் எந்த மேடையில் ஏறினாலும் இதைச் சொல்வேன் என்று உங்களுக்குத் தெரியும். நம் ஊரைப் பார்த்துக்கொண்டே சொன்ன பழமொழி மாதிரி இருக்கிறதே, எப்படி விடுவது? 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரையும் தென்னையும் போயின. பிறகு உள்நாட்டுச் சண்டை. 2004 டிசம்பர் 26 அன்று நாவலடியிலும் இந்தக் கல்லடியிலும் கடல் வீட்டுக்குள் வந்தது. அம்பாறைக் கரையில் இன்னும் மோசம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. பிள்ளைகளையும் கொண்டுபோனது.

அந்தத் தாய்மாரிடம் போய், "கடவுள் சோதிக்கிறார், பொறுங்கள்" என்று சொன்னவர்கள் உண்டு. வேதத்தில் பெருந்துன்பம் பட்ட யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் அவரோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். வாயைத் திறந்த பிறகுதான் தொல்லை. நம் சபைகளில் செத்த வீட்டுக்குப் போய் ஏழு நிமிடம் பேசாமல் இருக்கக்கூடிய ஒருவரைக் காட்டுங்கள், இந்தப் பொன்னாடையை அவருக்கே போர்த்துகிறேன்.

உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்கும் என்று பவுல் ரோமருக்கு எழுதினார். உண்மைதான். ஆனால் நான் கண்டமட்டில், கூட ஓர் ஆள் உட்கார்ந்திருந்த வீட்டில்தான் அது நடந்தது. தனியே விடப்பட்டவர்களில் பலர் கசந்துபோனார்கள். 1814இல் நம் ஊருக்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் பாதிரியார் வரும் வழியிலேயே கப்பலில் மனைவியை இழந்தவர். வந்து ஒரு வருடம் ஆகுமுன் அவரும் இறந்தார். அந்தச் சொற்ப காலத்தில் அவர் பள்ளிக்கூடம் திறந்தார். போதகர் ஐயா இருக்கிறார், இதைப் பற்றி அவரே விரிவாகச் சொல்வார்.

சரி, ஜெபத்துக்கு வருவோம். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு சின்னச் சபை. ஊர்ப் பெயர் வேண்டாம். புதிதாக வந்த இளம் போதகர் செவ்வாய்க்கிழமை காலையில் உபவாச ஜெபம் தொடங்கினார். முதல் வாரம் நாலு பேர். பிறகு பாய் போதவில்லை. "அண்ணன், எழுப்புதல் வந்துவிட்டது, வந்து பாருங்கள்" என்று எனக்குப் போன் எடுத்தார். போனேன். உண்மையாகவே நிறைந்த கூட்டம். பதினொரு மணி இருக்கும், தெருவில் மோட்டார்சைக்கிள் சத்தம். உடனே ஜெபம் கூரையைத் தூக்கியது! கண்ணீர் என்ன, அல்லேலூயா என்ன, எனக்கே புல்லரித்துவிட்டது. சத்தம் அடுத்த தெருவுக்குப் போனது. ஒரு கிழவி ஒற்றைக் கண்ணைத் திறந்து பக்கத்திலிருந்த பொடியனிடம் கேட்டாள்: "மோட்டார்சைக்கிள் போயிற்றா மனே? அப்ப ஆமென்."

சிரியுங்கள், நானும் சிரித்தேன். செவ்வாய்க்கிழமை குழுக்கடன், அதாவது பெண்கள் குழுவாகச் சேர்ந்து எடுத்த நுண்கடன், கட்டும் நாள். மோட்டார்சைக்கிளில் வந்தது அதை வாங்க வந்த லோன்காரர். லோன்காரர் கோயிலுக்குள் வரமாட்டார் என்பதால் வந்த எழுப்புதல் அது. அந்தப் போதகர் கோபிக்கவில்லை. அடுத்த வாரம் பிரசங்கத்தை விட்டுவிட்டு ஒரு கொப்பியை எடுத்து ஒவ்வொருவர் கணக்கையும் எழுதினார். மகளின் சாமத்திய வீட்டுக்கு, அதாவது பூப்புச் சடங்குக்கு, எடுத்த கடன். அதைக் கட்ட இன்னொன்று. அதைக் கட்ட மூன்றாவது. புருஷனுக்குத் தெரியாது. அழுதது அன்றைக்குத்தான், நிஜமாக.

பட்ட காலிலே படும் என்பது இதுதான். சூறாவளியை நாம் உண்டாக்கவில்லை. வட்டியை மனிதன் உண்டாக்கினான். அதைச் சிலுவை என்று சொல்லி ஒரு பெண்ணின் தோளில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். வரட்சி கண்ட மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசே அறிவிக்க வேண்டி வந்தது என்றால், இது இரண்டொருவரின் கெட்டித்தனமின்மை இல்லை.

வேதத்தைப் பாருங்கள். மெதடிஸ்தர் 2 இராஜாக்கள் என்பீர்கள், கத்தோலிக்கர் நாங்கள் 2 அரசர் என்போம், அதிகாரம் 4. ஒரு கைம்பெண். கடன்காரன் அவள் இரண்டு மகன்களையும் அடிமையாகக் கொண்டுபோக வருகிறான். எலிசா தீர்க்கதரிசி அவளுக்குப் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் வைக்கவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒரு குடம் எண்ணெய். அயல்வீடுகளில் வெறும் பாத்திரம் கேட்டு வாங்கு, கொஞ்சமாக வாங்காதே என்றார். பாத்திரம் இருந்தமட்டும் எண்ணெய் வந்தது. பாத்திரம் முடிந்ததும் நின்றுவிட்டது. அயலவர் கதவைச் சாத்தியிருந்தால் அந்த அற்புதத்துக்கு இடமே இருந்திருக்காது. அந்தப் பெண்ணின் விசுவாசம் அவள் கதவு கதவாகத் தட்டியபோதே வளர்ந்தது என்று நான் நினைக்கிறேன்.

ஆகவே என் பழைய கோரிக்கை. எங்கள் அம்மாமார் உலை வைக்கும்போது கடவுளுக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். அந்தப் பிடியரிசியை மீண்டும் தொடங்குவோம். ஒவ்வொரு ஆலயத்திலும் வட்டியில்லாத ஒரு பொதுச் சேமிப்பு. நோய், பள்ளிச்செலவு, லோன் அடைப்பு, இந்த மூன்றுக்கு மட்டும். சாமத்திய வீட்டுக்குக் கிடையாது, மாமிமார் கோபித்தாலும் சரி. வாங்குகிறவர் எந்த மதம் என்று கேட்கக்கூடாது. வண்ணக்கரும் பள்ளிவாசல் தலைவரும் வந்திருப்பதே அதற்குத்தான். கணக்குப் புத்தகம் பெண்களிடம் இருக்கட்டும், மாதம் ஒருமுறை எல்லோர் முன்னும் வாசிக்கட்டும்.

மூன்றாவது விடயத்துக்கு நேரமில்லை. செயலாளர் அம்மாவின் வாகனம் வாசலில் நிற்கிறது. சேமிப்பில் சேர விரும்புகிறவர்கள் மாதர் சங்க அக்காவிடம் பெயர் கொடுங்கள், கொப்பி அவரிடம் இருக்கிறது. முதல் பெயர் என்னுடையது, இரண்டாவது பங்குத்தந்தையுடையது. அவரிடம் இன்னும் கேட்கவில்லை.