அலுமாரியில் இருக்கும் பதக்கம்

[காட்சி: அலுமாரித் தட்டில் ஒரு பழைய தகரப் பெட்டி. உள்ளே நிறம் மங்கிய நாடாவுடன் ஒரு பதக்கம்.]

கொழும்பில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் இப்படியொரு பெட்டி பத்திரமாக இருக்கிறது. ஆனால், அப்பப்பாவோ அம்மப்பாவின் தமையனோ "பட்டாளத்தில் இருந்தவர்" என்பதற்கு மேல் அந்த வீட்டில் எவருக்கும் எதுவும் தெரியாது. அவருடைய படத்துக்கு மாலை போடுவதற்கு முன்பாக, அவருடைய பெயரையும், அவர் எந்தப் படைப்பிரிவில் எந்தக் காலத்தில் பணியாற்றினார் என்பதையும் பிழையின்றிக் கண்டறிந்து எழுதிவைப்பதே நாம் செய்யவேண்டிய முதற்கடன் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்த வீடியோ இரண்டு உலகப் போர்களிலும் பணியாற்றியவர்களைப் பற்றியது. நம் தீவின் உள்நாட்டுப் போரில் இழந்தவர்களை நினைவுகூர்வது இன்னும் ஆறாத துயரம். அதைத் தனியாகவும் நிதானமாகவும் பேசவேண்டும் என்பதால் இங்கே தொடவில்லை.

பதக்கத்திலிருந்து தொடங்குவோம். முதலாம் உலகப் போரின் பதக்கமாக இருந்தால், வட்டப் பதக்கத்தின் விளிம்பிலோ நட்சத்திரப் பதக்கத்தின் பின்புறத்திலோ பெயரும் படை இலக்கமும் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் உலகப் போருக்காகப் பிரித்தானியா வழங்கிய பதக்கங்களோ பெரும்பாலும் பெயர் பொறிக்கப்படாமலே கொடுக்கப்பட்டன. ஆகவே, உங்கள் பதக்கத்தில் பெயர் இல்லையென்றால் அது வேறு யாருடையதோ என்று ஐயப்பட வேண்டியதில்லை. தயவுசெய்து அதைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். தேய்க்கத் தேய்க்க எழுத்து அழியும். இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். இலங்கை இராணுவம் 1949 ஒக்டோபர் 10 அன்றுதான் நிறுவப்பட்டது. அதற்கு முன்பு பணியாற்றியவர்களை, 1910 முதல் இயங்கிய இலங்கைப் பாதுகாப்புப் படையின் பிரிவுகளின் பெயரில் தேடவேண்டும்.

[காட்சி: விகாரமகாதேவி பூங்கா. வானை நோக்கி உயர்ந்து நிற்கும் வெண்ணிறத் தூண்.]

பூங்காவில் நிற்கும் இந்தப் போர் நினைவுத் தூணை வடிவமைத்தவர் எட்வின் லுட்யன்ஸ். 1923 இல் திறந்துவைக்கப்பட்டபோது இது காலிமுகத்திடலில் நின்றது. கடலோரத்தில் இவ்வளவு உயரமாக நிற்கும் தூணை யப்பானியப் போர்க்கப்பல்கள் பீரங்கிக் குறிக்கு அடையாளமாகப் பயன்படுத்தக்கூடும் என்ற அச்சத்தினால், இரண்டாம் உலகப் போரின்போது அதைப் பிரித்து எடுத்து இங்கே மீண்டும் கட்டினார்கள். 1942 ஏப்ரல் 5 அன்று யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியதை நினைத்தால், அந்த அச்சம் வீணானதென்று சொல்லமுடியாது.

முதலாம் உலகப் போர் ஓய்ந்த நவம்பர் 11 ஐ நினைவுகூரும் பொப்பி மலர் தினம் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். அந்நாளில் விற்கப்பட்ட பொப்பி மலர்களின் வருமானத்தில் பெரும்பகுதி பிரித்தானியாவின் முன்னாள் படையினருக்கே போய்ச் சேர்ந்தது. ஒரே போரில் நின்றுவிட்டு இத்தீவில் வறுமையில் வாடிய முன்னாள் படையினருக்கு மிகச் சிறு பங்கே கிடைத்தது. இதை ஏற்காத ஈலியன் பெரேரா என்ற இலங்கை முன்னாள் படைவீரர், 1931 இல் அதே நவம்பர் 11 அன்று போட்டியாகச் சூரிய மல் விற்பனையைத் தொடங்கினார். சூரிய மல் என்பது வேறெதுவுமன்று, நம் வேலியோரத்துப் பூவரசம்பூதான். காலையில் மஞ்சளாக விரிந்து மாலையில் சிவந்து வாடும் அந்தப் பூ, உள்ளூர்ப் படைவீரனையும் நினைக்கவேண்டும் என்ற கோரிக்கையைச் சுமந்துகொண்டு இந்நகரத் தெருக்களில் விற்கப்பட்டது. பின்னர் 1934-35 மலேரியாக் கொள்ளைநோயின்போது, இந்த விற்பனையிலிருந்து வளர்ந்த சூரிய மல் இயக்கத்தினர் நோயுற்ற கிராமங்களுக்கு நிவாரணம் கொண்டுசென்றார்கள். சூரிய மல் பற்றிப் படிக்கும் ஒவ்வொரு முறையும் என் மனம் நெகிழ்கிறது.

பெயர் விடுபடுவது அந்தக் காலத்துக் குறை மட்டுமன்று. 1917 இல் உருவான பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழு, பதவியும் இனமும் மதமும் பாராமல் இறந்தவர் ஒவ்வொருவரையும் பெயரால் நினைவுகூர்வதையே தன் கொள்கையாகக் கொண்டது. எனினும், முதலாம் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆபிரிக்கப் படையினர் முதலானோரில் குறைந்தது 116,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை என்பதை 2021 இல் அந்த ஆணைக்குழுவே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அதன் இணையப் பதிவேட்டில் எவரும் கட்டணமின்றித் தேடலாம். 1914 ஓகஸ்ட் முதல் 1921 ஓகஸ்ட் வரையும், 1939 செப்டெம்பர் முதல் 1947 இறுதி வரையும் இறந்தவர்களே அதில் இடம்பெறுவார்கள். போர் முடிந்து வீடு திரும்பி முதுமையில் இறந்தவரை அங்கே தேடிப் பயனில்லை.

[காட்சி: கணினித் திரையில் தேடல் பெட்டி.]

தேடும்போது தமிழ்ப் பெயர்கள் படும் பாட்டை நினைவில் வையுங்கள். சின்னத்தம்பி என்ற பெயரை ஓர் எழுத்தர் ஆங்கில 'எஸ்' இட்டு எழுதியிருப்பார். இன்னொருவர் 'சி' இட்டு எழுதியிருப்பார். தகப்பன் பெயர் குடும்பப் பெயரின் இடத்தில் ஏறியிருக்கலாம். சொந்தப் பெயரோ ஒற்றை எழுத்தாகக் குறுகியிருக்கலாம். எல்லா வடிவங்களையும் இட்டுப் பாருங்கள்.

அதற்கு முன், குடும்பத்தில் வயதில் மூத்த மாமியிடமோ பெரியப்பாவிடமோ போய் உட்காருங்கள். பழைய படத்தைக் காட்டி, அவர்கள் சொல்வதைக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்யுங்கள். படத்தில் இருப்பவரின் முழுப்பெயரை முதலில் அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். பதிவேட்டில் சிதைந்துபோன எழுத்துகளைச் சரிபார்க்க அந்த உச்சரிப்புத்தான் கைகொடுக்கும்.