நிழற்குடைக்காக வெட்டிய மரம்

தலைவர் அவர்களே, இந்த வெயிலிலும் நேரத்துக்கு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர்களே, பெரியவர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். எனக்கு முன் பேசிய பொறியாளர் ஐயா மொட்டைமாடிக்கு வெள்ளை அடிப்பதைப் பற்றி அருமையாகச் சொன்னார், அவருக்கு என் நன்றி. வரவேற்புரை தந்த தங்கைக்கும், மைக்கைச் சரிசெய்து கொடுத்த தம்பிக்கும் நன்றி.

நகரத்துச் சூட்டைக் குறைக்க கூரை, சுவர், தெரு என்று மூன்று விஷயம் பேசுவதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். கூரையை ஐயா முடித்துவிட்டார். சுவரைப் பொறுத்தவரை, உச்சி வெயிலை சன்ஷேடு தடுக்கும், ஆனால் சாயங்கால வெயில் சாய்வாக அதற்குக் கீழே புகுந்து மேற்குச் சுவரில் நேராக அடிக்கும். அங்கே மரம்தான் காப்பாற்றும். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்!

நான் தினமும் பஸ் ஏறும் நிறுத்தத்தில் ஒரு பெரிய மரம் இருந்தது. நிழற்குடை கட்டப்போகிறோம் என்று சொல்லி அதை வெட்டினார்கள். மறுபடியும் சொல்கிறேன், நிழற்குடை கட்ட நிழலை வெட்டினார்கள்! தகரக் கூரை போட்டு, பளபளவென்று எவர்சில்வர் இருக்கையும் வைத்தார்கள். மத்தியானம் அதில் உட்கார்ந்த ஒரு பாட்டி அதே வேகத்தில் எழுந்துவிட்டார், கையை வைத்துப் பார்த்தேன், தோசைக்கல்தான். தகரம் வெயிலைக் குடித்துவிட்டு அந்தச் சூட்டை நம் தலைமேலேயே இறக்குகிறது. அப்புறம் ஜனங்கள் என்ன செய்தார்கள்? பக்கத்து விளக்குக் கம்பத்தின் நிழல் தரையில் ஒரு கோடாக விழுந்திருந்தது, அந்தக் கோட்டின் மேல் ஏழெட்டுப் பேர் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்றார்கள், நிழல் நகர நகர வரிசையும் நகர்ந்தது, பாட்டிக்கு எல்லோரும் முதலிடம் கொடுத்தார்கள். நிழலின் அருமை வெயிலில் தெரியும், அந்த வரிசையில் நின்றவர்களைக் கேளுங்கள்.

மரம் தகரத்தைப் போலக் கொதிப்பதில்லை. வேர் உறிஞ்சும் தண்ணீரை இலை ஆவியாக விடுகிறது, அந்த ஆவி சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஏசி அப்படியில்லை, அறையின் சூட்டை எடுத்து, தன் மோட்டார் சூட்டையும் சேர்த்துத் தெருவில் போகிறவர் முகத்தில் ஊதுகிறது. நகரத்து ராத்திரி சுற்றியுள்ள கிராமப்புறத்தைவிடச் சூடாக இருப்பதை லண்டனில் லூக் ஹோவர்ட் என்ற வானிலை ஆய்வாளர் 200 வருஷத்துக்கு முன்பே அளந்து எழுதிவிட்டார். கொலம்பியாவில் மெடெயின் நகரம் 2016-இல் தொடங்கி, சாலையோரங்களிலும் ஓடைக்கரைகளிலும் 30 பசுமை வழித்தடங்கள் போட்டது, அங்கே வெப்பம் ஏறக்குறைய 2 டிகிரி குறைந்திருக்கிறது.

தெருக்களின் அகலம், காற்றோட்டம் எல்லாம் பேச நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி, என் கோரிக்கைக்கு வருகிறேன். இருக்கிற மரங்களின் அடியைச் சுற்றி, தண்டோடு ஒட்டி சிமெண்ட் பூசியிருக்கிறார்கள், மழைத்தண்ணீர் வேருக்கு இறங்க வழியே இல்லை. ஒவ்வொரு மரத்துக்கும் நாலு பக்கமும் ஒரு மீட்டர் மண் திறந்திருக்க வேண்டும், மரத்தை வெட்டித்தான் நிழற்குடை என்ற திட்டத்துக்கு அனுமதி தரக்கூடாது. முன்வரிசையில் இருக்கும் உறுப்பினர்கள் மனது வைத்தால் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போடலாம். மனு வாசலில் மேஜைமேல் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனா இல்லாதவர்கள் என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.